பூமிக்காக வராமல் போன மகனுக்கு

பிடோக்,
பெருநாள் கழிந்த மறுவாரம்

அன்பு மகன் அர்ஃபானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் வாப்பாவும் படைத்தவன் கிருபையில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீயும் ஃபர்சானாவும் என் பேத்தி அமீராவும் அந்தக் கோபன்ஹேகன் குளிரில் இருமல் சளி இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். என்னடா இது, உம்மா திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்ப்பாய். போனில் பேசலாம் என்றால் வாப்பா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு காதைக் கொடுக்கிறார், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பதாக நீயே ஒருநாள் சொல்லியிருக்கிறாய். நான் மூச்சு வாங்கிச் சொல்வதெல்லாம் உனக்குக் கோழி கொக்கரிப்பது மாதிரித்தான் கேட்டிருக்கும். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது அல்லவா, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். புதுத் தாள் எதுவும் வாங்கவில்லை, போன வருஷக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதுகிறேன், அதனால் அதற்கும் நீ கோபப்பட வேண்டியதில்லை.

இந்த வருஷ நோன்பு எனக்கு ரொம்பக் களைப்பாகப் போய்விட்டது மகனே. வயது ஆகிறது என்று மற்றவர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன், இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன். முழங்கால் வலி விட்டபாடில்லை, பாலிகிளினிக்கில் ஒரு டாக்டர் நட என்கிறார், அடுத்த முறை போனால் வேறொருவர் இருந்து காலுக்கு ஓய்வு கொடு என்கிறார், நான் பாதி நடந்து பாதி உட்கார்ந்து இரண்டு பேரையும் திருப்திப்படுத்துகிறேன். வாப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. தினமும் மத்தியானம் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போய் அன்வர் மாமாவின் அத்தர் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவார். அதையும் இந்த முறை வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்கில்தான் வாங்கினார். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று நீ சொன்னாய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நானாக யோசித்தது மாதிரிச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு போனார். இந்த வீட்டில் உன் பேச்சு இப்படித்தான் என் வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

நோன்பு தொடங்குவதற்கு முன்பே நீ அனுப்பிய சட்டதிட்டங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பலகாரத்தைச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கக் கூடாது, பளபளப்புத் தாள் சுற்றக் கூடாது, ரிப்பன் கூடாது, உடுப்பு இருக்கும்போது புது உடுப்பு கூடாது, கொடுப்பதெல்லாம் தின்று தீர்கிற சாமானாகவோ நிஜமாகவே வேண்டிய சாமானாகவோ இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி, இந்த வருஷமும் நாங்கள் வரவில்லை உம்மா, விமானப் பயணம் ஒன்றில் போகிற புகை அவ்வளவு, வராமல் இருப்பதுதான் இந்தப் பெருநாளுக்கு நாங்கள் பூமிக்குக் கொடுக்கும் பரிசு என்று. மற்றதையெல்லாம் நான் ஒருமுறை படித்தேன், அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். உன் லாத்தா, என் மூத்தவள் ருக்கையா, சும்மா விடுங்க லா உம்மா, அவன் சொல்றதையெல்லாம் செய்யணும்னு என்ன இருக்கு என்றாள். நான் விடவில்லை. நீ சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தால் நீ அடுப்படியில் நின்று மேற்பார்வை பார்ப்பது மாதிரி எனக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு கூத்து நடந்தது, கேள். டப்பா வேண்டாம் என்றால் பாத்திரம் வேண்டுமே, புதிதாக வாங்கினால் உன் சட்டத்துக்கு ஆகாதே என்று, ருக்கையா கல்யாணத்தில் அன்பளிப்பாக வந்து பரண் மேல் கிடந்த எவர்சில்வர் தூக்குகளை வாப்பாவை விட்டு இறக்கச் சொன்னேன். புளி போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வந்துவிட்டன. அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் அன்னாசிப்பழ டார்ட்டும் அடுக்கி மூடி, காலிப் பாத்திரத்தை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி வாப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன். தஞ்சோங் பகார், ஆங் மோ கியோ என்று அந்த மனுஷன் நோன்போடு ரயிலில் தூக்குகள் கடகடக்கப் போய்வந்தார், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுத்திருப்பார்களே, அது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. கண்ணாடி போடாமல் தேய்த்தால் எழுத்து எங்கே தெரியும். அன்வர் மாமா வீட்டுக்குப் போன தூக்கில் அன்வர் குடும்பத்தாரின் அன்பளிப்பு என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. அன்று நோன்பு திறந்த பிறகு மாமி போன் செய்தாள், நான் பலகாரம் நன்றாக இருந்தது என்று சொல்லப்போகிறாள் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். எங்கள் மேல் என்ன மனவருத்தம், இத்தனை வருஷம் கழித்து நாங்கள் கொடுத்ததையே திருப்பி அனுப்பியிருக்கிறீர்களே என்று கேட்டாள். நான் விழுந்தடித்து விஷயத்தைச் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டாள், ஆனால் சிரிப்புக்கு நடுவே ஒன்று சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்டுல குடுத்ததை வேணாம்னு வச்சிட்டுப் போற பழக்கம் ஒண்ணு வந்துடுச்சுல்ல, அதான் பயந்துட்டேன்." எதை நினைத்து அப்படிச் சொன்னாள் என்று உனக்குப் புரியும். அதற்கு நான் பிறகு வருகிறேன், இப்போதே எழுதினால் கை ஓடாது.

பாத்திரங்கள் திரும்பி வந்த கதை இன்னொன்று. யாருக்காவது வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வருமா, நீயும் நானும் அதை யோசிக்கவில்லை பார். ஒருத்தர் தூக்கு நிறைய மிட்டாய், ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஒருத்தர் கேக், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. எதிர்வீட்டு லிம் ஆன்ட்டி பேரிக்காய் கொண்டுவந்தார், ஒவ்வொரு காய்க்கும் வெள்ளை வலைச்சட்டை போட்டிருந்தது. சிவப்பு மூடி டப்பா கொடுத்த காலத்தில் இந்த வீட்டுக்கு இவ்வளவு குப்பை வந்ததேயில்லை. மாடியிலிருக்கிற மங்களம் மட்டும் தன் தொட்டிச் செடியிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், தாளித்தவுடன் தீர்ந்துபோனது, நீ பார்த்திருந்தால் அவளுக்குப் பட்டமே கொடுத்திருப்பாய். அடுத்த முறை எல்லாரிடமும் ஒரு கைப்பிடி சீனி போட்டுக் கொடுங்கள் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடப் போகிறேன். நீ சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை அர்ஃபான். கீழே சாக்கடை வாரியில் அடைத்துக்கொண்டு கிடக்கிற உறைகளை நானும்தான் பார்க்கிறேன், வெயிலும் முன்னைப் போல் இல்லை. உன் பேச்சில் உண்மை இருக்கிறது என்று தெரிந்துதான் செய்தேன்.

பெருநாள் அன்று வழக்கம்போல் வீடு நிறைய ஆள். பிரியாணியும் தால்ச்சாவும் ருக்கையா பார்த்துக்கொண்டாள், நான் வட்டிலப்பம் மட்டும் செய்தேன், அதுவே இடுப்பை வாங்கிவிட்டது. வாப்பா பழைய ஊதா பைஜுச் சட்டை உடுத்தியிருந்தார், நான் போன வருஷச் சேலை. வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, மகன் வரவில்லையா என்பதுதான். போன வருஷம் வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதைச் சொல்லிச் சமாளித்தேன். இந்த வருஷம் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு பூமிக் கதையைச் சொன்னேன். விமானத்தில் வந்தால் எவ்வளவு புகை, பிள்ளைகள் காலத்தில் இந்த உலகம் என்ன ஆகும், அதனால்தான் ஆசையை அடக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறான் என்று நீ எழுதிய கணக்கையெல்லாம் ஒப்பித்தேன். சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், சிலர் உன் மாதிரிப் பிள்ளைகள் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். வாப்பா வந்தவர்களுக்குச் சர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ருக்கையா பக்கத்தில் வந்து நின்றாள். என்னடி என்றதற்கு, உம்மா இனிமேல் யாரிடமும் அந்தக் கதையைச் சொல்லாதீங்க, எனக்குக் கஷ்டமா இருக்கு என்றாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் போனைக் காட்டினாள். ஃபர்சானா தன் தோழிகளுக்காகப் போட்ட படமாம், நோன்புக்கு முந்திய மாதத்துப் படம். ஜப்பானில் பனிக்கு நடுவே நீங்கள் மூன்று பேரும் நிற்கிறீர்கள். அமீரா சிவப்புக் குளிர்ச்சட்டைக்குள் மூக்கு மட்டும் தெரிய நிற்கிறாள், பல் ஒன்று விழுந்திருக்கிறது போலிருக்கிறது, அதுகூட எனக்குத் தெரியாது. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ அப்படிச் சிரிப்பதைப் பார்த்தேன், அதனால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் மற்றது மண்டையில் ஏறியது. கோபன்ஹேகனிலிருந்து ஜப்பானுக்குச் சைக்கிளிலா போனாய் மகனே. கை சோப்போடு அப்படியே நின்றேன். ருக்கையாவைத் திட்டாதே, ஃபர்சானாவையும் திட்டாதே, அந்தப் பெண் மறைக்க நினைத்திருந்தால் படம் போட்டிருக்க மாட்டாள். வாப்பாவிடம் நாங்கள் இருவரும் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்.

நீங்கள் ஜப்பான் போனது எனக்கு வருத்தமில்லை. சம்பாதிக்கிற வயசு, போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நீ வராததுகூட எனக்குப் பழகிக்கொண்டு வருகிறது. வராததற்கு நீ என் கையில் கொடுத்த காரணத்தை நான் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனேன் பார், அதுதான் உள்ளே அறுக்கிறது. உன் மனசில் இருப்பது வேறு. அன்வர் மாமி சொன்னாளே, அதுதான். இரண்டு வருஷமாக நாம் மூன்று பேரும் அதைச் சுற்றி நடக்கிறோம், ஒருத்தரும் அதன் மேல் கை வைக்கவில்லை. நான் இன்றைக்கு வைக்கிறேன்.

நீ கடைசியாக வந்த அந்தப் பெருநாளுக்கு வாப்பா அமீராவுக்கு என்று ஒரு ஜீப் வாங்கினார், குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஜீப். அவள் பிறந்ததிலிருந்து அதற்காகக் காத்திருந்தார். பெட்டி டாக்சிக்குள் நுழையவில்லை என்று ரயிலில் நின்றுகொண்டே அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார், வந்தவுடன் சட்டையைப் பிழிந்தால் வேர்வை கொட்டியது. கூடத்தில் அன்வர் மாமா குடும்பமும் மற்றவர்களும் இருக்கும்போது பிரித்தார். அமீரா கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நீ அவளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சொன்னாய், "வாப்பா, இது ஆறு மாசத்துல குப்பைக்குப் போயிடும். இதுக்கு நீங்க ஒண்ணுமே குடுக்காம இருந்திருக்கலாம்." அவர் பெட்டியின் தாளை மடித்துக்கொண்டே, "சரி, இனிமே குடுக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு, சத்தம்கூடப் போடவில்லை. நீ ஜீப்பை வைத்துவிட்டுப் போனாய். பிளாஸ்டிக்கைப் பற்றி நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும், அதை ஒரு கிழவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் தப்பு இருக்கிறது, நீ விமானம் ஏறும் வரைக்கும் உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்காக நான் அவரிடம் சண்டை போட்டது உனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம், நடுவில் நான் கிடந்து காய்கிறேன்.

அந்த ஜீப் என்ன ஆனது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நீ படுத்திருந்த அறையில் துணி போட்டு மூடி நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவுடன் வாப்பா அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஜீப்புக்கு சார்ஜ் போடுகிறார். சும்மா போட்டுவைத்தால் பேட்டரி செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். உடம்பு முடியாமல் கிடந்த வாரத்தில்கூட என்னைக் கூப்பிட்டு வயரை எங்கே சொருக வேண்டும் என்று காட்டினார். எனக்கு ஒருநாள் கோபம் வந்து, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமே, வீணாகப் போவதை விட நல்லதுதானே என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது நம்ம சாமான் இல்ல. அமீராவுக்குக் குடுத்தாச்சு. அவ சாமானை எடுத்துக் குடுக்க நாம யாரு?" என்றார். உனக்குத்தான் இனிமேல் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னார், சொன்னபடி இருக்கிறார். ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகையால் மகனே, நான் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன், கோபமாக இல்லை. வருஷா வருஷம் வா என்று நான் கேட்கவில்லை, புகையும் கணக்கும் எனக்கும் ஓரளவு விளங்குகிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வர விருப்பமில்லை என்றால் வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுது, அதை நான் தாங்கிக்கொள்வேன், நீ என் வயிற்றில் பிறந்தவன்தானே. பூமியின் தலையில் மட்டும் அதைப் போடாதே, அது பாவம், ஏற்கெனவே சுமக்கிறது. வாப்பாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரும் கேட்க மாட்டார், இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குப் போதும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜீப் குப்பைக்குப் போகும் என்றாய். இத்தனை நாள் அதைக் குப்பைக்குப் போகவிடாமல் ஒருத்தர் காத்துக்கொண்டிருக்கிறார். அமீரா வராவிட்டால்தான் நீ சொன்னது நிஜமாகும்.

ஃபர்சானாவுக்கு என் ஸலாம் சொல், நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ சைக்கிளில் போகும்போது தலைக்கவசத்தை மறக்காமல் போட்டுக்கொள், பனியில் வழுக்கும். அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் கொடுக்கட்டும், உன் ரிஸ்கை, அன்றாடப் பிழைப்பை விசாலமாக்கட்டும், உன் மனசை இளக்கட்டும். இதை வாப்பாவுக்குத் தெரியாமல் ருக்கையா கையில் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன், பதில் எழுதினால் ஆங் மோ கியோவுக்கு அவள் வீட்டு முகவரிக்கே எழுது.

எழுதும்போது ஒன்றை மறக்காதே. அமீராவை நிற்க வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு நூலால் அளந்து, அந்த நூலை உறைக்குள் வைத்து அனுப்பு. படத்தைப் பார்த்ததிலிருந்து பிள்ளை ரொம்ப வளர்ந்துவிட்டாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் கால் அந்த ஜீப்புக்குள் அடங்க இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் முகம் பார்க்க ஏங்கும்
உம்மா சம்சுன்னிசா